முறுக்கிய ஒளியை ஓர் அணு விழுங்கினால் அந்த முறுக்கு யார் கணக்கில் போகிறது?

இரவல்மூளை கேட்டது:

குவாண்டம் இயற்பியலை நான் முறையாகப் படித்தது இளநிலைப் பட்டம் வரைக்கும்தான், அதற்குப் பிறகு எல்லாம் சொந்த ஆர்வத்தில் அங்கங்கே மேய்ந்தது. அதனால் கேள்வி கோணலாக இருந்தால் நிமிர்த்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

முறுக்கிய ஒளி என்கிறார்களே, அலைமுகப்பு தட்டையாக இல்லாமல் சுழல் படிக்கட்டு மாதிரி அச்சைச் சுற்றிக்கொண்டே முன்னேறும் லேசர் கதிர், அதில் ஒவ்வொரு ஃபோட்டானும் எல் மடங்கு ஹெச்-பார் (குவாண்டம் உலகில் கோண உந்தத்தின் அலகு) அளவுக்கு ஆர்பிட்டல் கோண உந்தம், அதாவது முறுக்கில் இருந்து வரும் கோண உந்தம், சுமக்கிறது என்று 1992இல் லைடனில் ஆலனும் கூட்டாளிகளும் எழுதினார்கள். எல் என்பது 1, 2, 5, 50 என்று எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம், முறுக்கு எதிர்ப்பக்கம் என்றால் மைனஸாகவும் இருக்கலாம். இது வரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை.

குழப்பம் அணு உள்ளே வரும்போதுதான். ஒரு ஃபோட்டானை உறிஞ்சும்போது எலக்ட்ரானின் காந்தக் குவாண்டம் எண் எம் (ஓர் அச்சைச் சுற்றி அதன் கோண உந்தம் எத்தனை ஹெச்-பார் என்று சொல்வது) கூடினால் ஒன்று கூடும், குறைந்தால் ஒன்று குறையும், இல்லையென்றால் அப்படியே இருக்கும் என்று தேர்வு விதி சொல்கிறது. அந்த ஒன்றும் வட்ட முனைவாக்கத்தில் (மின்புலம் சுழன்றுகொண்டே வருவது) இருந்து, அதாவது ஃபோட்டானின் ஸ்பின்னில் இருந்து வருகிறது. அப்படியானால் எல் = 5 உள்ள ஃபோட்டானை அணு விழுங்கினால் அந்த ஐந்து எங்கே போகிறது? "கோண உந்தம் அழியாது, எங்கேயாவது போயிருக்கும்" என்ற பதிலை நானே சொல்லிக்கொள்வேன். எங்கே என்பதுதான் கேள்வி. எலக்ட்ரானுக்கா, முழு அணுவுக்கா, இல்லை அப்படி ஒரு ஃபோட்டானை அணு தொடவே தொடாதா?

கூடவே இன்னொன்று. இந்தக் கதிரின் நடுமையம் எப்போதும் இருட்டு, ஒளி வளையமாகத்தான் விழும். அந்த மையத்தில் ஓர் அணுவைக் கொண்டுபோய் வைத்தால் அதன் மேல் ஒளியே விழாதே, பிறகு அது எதை உறிஞ்சும்? ஆனால் "மையத்தில்தான் வேடிக்கையே" என்று ஓர் உரையில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். யாராவது விளக்குங்கள்.


அச்சாணி பதில்:

கேள்வியில் கோணல் ஒன்றும் இல்லை. இதே கேள்வியைக் கோட்பாட்டுக்காரர்கள் ரொம்ப வருடம் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள், பதில் ஒரே வரியில் அடங்காது என்பதால்தான்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கோண உந்தம் என்றால் எந்த அச்சைச் சுற்றி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எல் என்பது கதிரின் அச்சைச் சுற்றிய கணக்கு. அணுவுக்கோ கதிரின் அச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அணுவின் அளவு ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கதிரை எவ்வளவு இறுக்கிக் குவித்தாலும் அது மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும், அதாவது பல ஆயிரம் மடங்கு பெரியது. அத்தனை பெரிய சுழலில் ஒரு பொட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும் அணு தன்னைச் சுற்றியுள்ள மின்புலத்தை மட்டும்தான் பார்க்கும், முழுச் சுழலைப் பார்க்காது.

அச்சில் இருந்து 5 மைக்ரோமீட்டர் தள்ளி ஓர் அணு இருக்கிறது, அலைநீளம் 729 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம் (இந்த எண்ணைச் சும்மா எடுக்கவில்லை, கால்சியம் அயனிக்காரர்கள் யாராவது வந்தால் அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும்). அந்த இடத்தில் அலைமுகப்பு கிட்டத்தட்டத் தட்டையாகவே தெரியும், ஆனால் நேராக வராமல் பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்து வரும். எல் = 1 என்றால் சாய்வு 1.3 டிகிரி, எல் = 5 என்றால் 6.7 டிகிரி. அணுவைப் பொறுத்தவரை முறுக்கு என்று வருவது அவ்வளவுதான். சாய்ந்து வரும் ஃபோட்டானை விழுங்கினால் நேர் உந்தத்தோடு கூட, அச்சைச் சுற்றும் திசையில் ஒரு சின்னப் பக்கவாட்டு உதையும் கிடைக்கும், அதன் அளவு எல் மடங்கு ஹெச்-பாரை அச்சில் இருந்துள்ள தூரத்தால் வகுத்தது. இப்போது அந்த உதையை அதே தூரத்தால் பெருக்குங்கள், கோண உந்தம் வந்துவிடும்: எல் மடங்கு ஹெச்-பார். தூரம் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. உங்கள் ஐந்தும் பைசா குறையாமல் அங்கே இருக்கிறது, அணு தன் முழு உடம்போடு கதிரின் அச்சைச் சுற்றி நகரத் தொடங்குகிறது. எலக்ட்ரானுக்கு அதில் பங்கே இல்லை, அது ஸ்பின்னில் இருந்து வரும் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு தேர்வு விதிப்படி நடந்துகொள்கிறது.

இது வெறும் தாள் கணக்கும் இல்லை. அணுவை விட்டுவிட்டு நுண்துகள்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2002இல் கிளாஸ்கோவில் பேட்ஜெட் குழு, கதிரின் அச்சுக்குத் தள்ளி ஒளி வளையத்தில் சிக்கவைத்த சிறு துகள்களைக் கவனித்தது. வட்ட முனைவாக்கம் துகளை அதன் சொந்த அச்சிலேயே சுழற்றியது, ஒளியின் முறுக்கு அதே துகளைக் கதிரின் அச்சைச் சுற்றி வலம் வரவைத்தது. ஸ்பின் எங்கே அளந்தாலும் ஸ்பின்தான், ஆர்பிட்டல் அப்படி இல்லை.

அதே 2002இல் பாபிக்கர், பென்னெட், ஆண்ட்ரூஸ், டாவிலா ரோமேரோ நால்வரும் அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் இதைக் கணக்குப் போட்டார்கள். இருமுனை நிலைமாற்றத்தில் (அணு ஒளியை உறிஞ்சும் வழக்கமான, வலுவான வழி, நீங்கள் சொன்ன தேர்வு விதி இதற்குத்தான்) ஒளியின் ஆர்பிட்டல் பங்கு முழுக்க நிறைமைய இயக்கத்துக்கே, அதாவது முழு அணுவின் நகர்வுக்கே, போகிறது, உள் எலக்ட்ரானுக்கு எதுவும் போகாது. அதற்கு அடுத்த படியான, மெலிந்த நான்முனை நிலைமாற்றத்தில்தான் முதல் முறையாக ஓர் அலகு உள்ளே நுழைய வழி உண்டு என்று முடிவு. அந்த "வழி உண்டு" என்பது உங்கள் இரண்டாவது கேள்வியோடு நேராகப் போய் முட்டுகிறது, அதை அயனிப் பொறியில் (மின்னூட்டம் பெற்ற அணுவை மின்புலத்தால் பிடித்துவைக்கும் கருவி) வேலை செய்கிறவர்கள் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.


பொறிக்குள்அயனி பதில்:

729 என்று போட்டு என்னைக் கூப்பிட்டுவிட்டீர்கள், வந்தாயிற்று.

இருட்டு மையம் பற்றி. மையத்தில் இல்லாதது புலம்தான், புலத்தின் சரிவு இல்லாமல் போகவில்லை. எல் = 1 கதிரில் மையத்தைக் கடந்து ஒரு கோடு போட்டால், இந்தப் பக்கம் மின்புலம் ஒரு திசை, அந்தப் பக்கம் நேர் எதிர்த் திசை, நடுவில் பூஜ்யத்தைத் தாண்டிப் போகிறது. ஆக, தாண்டும் இடத்தில் சரிவுதான் அதிகபட்சம். இருமுனை நிலைமாற்றத்துக்குப் புலம் வேண்டும், அதனால் மையத்தில் அதற்கு வேலை இல்லை. நான்முனை நிலைமாற்றம் புலத்தைக் கண்டுகொள்வதே இல்லை, சரிவைத்தான் பார்க்கும். சாதாரணக் கதிரில் அந்தச் சரிவு எங்கிருந்து வருகிறது என்றால், அலை முன்னோக்கி ஓடும்போது ஏறி இறங்குவதில் இருந்து. முறுக்கிய கதிரின் மையத்தில் அது இல்லை, அதற்குப் பதிலாகக் குறுக்கு வாக்கில் சரிவு இருக்கிறது.

இதைச் செய்தே காட்டியது ஜெர்மனியில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில், ஷ்மிட்-காலர் குழு, முதல் ஆசிரியர் ஷ்மிகலோ, 2016. ஒரே ஒரு கால்சியம்-40 அயனி. அதன் 4எஸ் நிலையில் இருந்து 3டி 5/2 நிலைக்குப் போகும் 729 நானோமீட்டர் நிலைமாற்றம் சுத்தமான நான்முனை வகை. மேல் நிலை சுமார் 1.2 நொடி தாங்கும், ஒப்பிட்டுப் பார்க்க அதே அயனியின் 4பி நிலை (இருமுனை வகை) சுமார் 7 நானோநொடியில் கீழே விழுந்துவிடும். நான்முனை எவ்வளவு மெலிந்த பிணைப்பு என்பது இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தாலே தெரியும்.

காந்தப்புலம் போட்டால் எம் நிலைகள் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நிற்கும், லேசரின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தி எம் எவ்வளவு மாறுகிறதோ அந்தக் கோட்டை மட்டும் தேர்ந்து தொடலாம். காந்தப்புலமும் கதிரும் ஒரே திசையில் இருக்கும்போது, முறுக்கில்லாத வட்ட முனைவாக்க ஒளி எம்-ஐ ஒன்றுதான் மாற்றும், இரண்டு மாற்றும் கோடு அணைந்தே கிடக்கும். இப்போது எல் = 1 முறுக்கும் அதே பக்கம் சுழலும் வட்ட முனைவாக்கமும் சேர்ந்த கதிரைப் போட்டு, அயனியைப் பொறியின் மின்முனை மின்னழுத்தங்களை மாற்றிக் கதிருக்குக் குறுக்கே மெல்ல மெல்ல நகர்த்துங்கள். எம் ஒன்று மாறும் கோடு வெளிச்ச வளையத்தை அப்படியே வரைந்து காட்டும், வளையத்தில் வலுவாக, மையத்தில் ஒன்றுமே இல்லாமல். எம் இரண்டு மாறும் கோடு அதற்குத் தலைகீழ்: சரியாக இருட்டு மையத்தில் உச்சம். ஸ்பின்னில் இருந்து ஒன்று, முறுக்கில் இருந்து ஒன்று, ஆக இரண்டு, எல்லாம் ஒரே எலக்ட்ரானுக்கு. முறுக்கும் ஸ்பின்னும் எதிரெதிராக இருந்தால் ஒன்றை ஒன்று கழித்து எம் மாறாத கோடு மையத்தில் எழும்.

வலு எவ்வளவு என்று கேட்பீர்கள். 3 மைக்ரோமீட்டர் ஆரத்துக்குக் குவித்த கதிரில் குறுக்குச் சரிவு, அலை முன்னோக்கிப் போகும் சரிவில் நூற்றில் நான்கைந்து பங்குதான் வரும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் லேசரில் தாராளமாக ஒளி இருக்கிறது, அயனியும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது, இது போதும். உண்மையான தொல்லை கதிரை நிலையாக வைத்திருப்பதில். மையம் என்பது ஒரு புள்ளி, எங்கோ கண்ணாடித் தாங்கி வெப்பத்தில் கொஞ்சம் நெளிந்தாலே அயனி மையத்தை விட்டு வெளியே வந்துவிடும். எங்கள் மேசையில் குளிரூட்டி ஓடி நிற்கும் நேரமெல்லாம் மையம் நடந்து போவதைத் திரையில் பார்க்கலாம், அன்றைக்கு அளவீடு அவ்வளவுதான்.


இரவல்மூளை:

சரி, நிறைய தெளிந்தது, ஆனால் புதுசாக ஒன்று உறுத்துகிறது. அச்சாணி சொல்வது: தள்ளி இருந்தால் முறுக்கு முழு அணுவுக்கு. பொறிக்குள்அயனி சொல்வது: மையத்தில் இருந்தால் எலக்ட்ரானுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே? அணு அரை மைக்ரோமீட்டர் தள்ளி இருந்தால் யாருக்குப் போகும்? அப்புறம் குவாண்டம் இயற்பியலில் அணுவே ஓர் அலை என்கிறோமே, அது "இங்கே இருக்கிறது" என்று நீங்கள் இரண்டு பேரும் எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்கள்?


குளிர்மேகம் பதில்:

உங்கள் கடைசி வாக்கியத்துக்காகவே உள்ளே வருகிறேன், ஏனென்றால் மேலே இருக்கும் இரண்டு பதில்களும் அயனியைப் புள்ளியாக வைத்துப் பேசுகின்றன. அயனிக்கு அது பொருந்தும். நன்றாகக் குளிர்வித்துப் பொறியில் அடைத்த அயனியின் அலை சில பத்து நானோமீட்டருக்குள் அடங்கிவிடும், கதிரின் அகலத்தோடு வைத்துப் பார்த்தால் புள்ளிதான். எல்லைக்கோடு என்று எதுவும் இல்லை, அயனியை மையத்தில் இருந்து நகர்த்த நகர்த்த எம் இரண்டு மாறும் வீச்சு (இருபடியாக்கினால் நிகழ்தகவு தரும் எண்) மெல்லத் தேயும், எம் ஒன்று மாறும் வீச்சு மெல்ல வளரும். இடையில் எந்த இடத்திலும் இரண்டும் கலந்தே இருக்கும்.

ஆனால் அலை முழுக் கதிரையும் விடப் பெரியதாக இருந்தால்? அதுதான் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள். ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான அணுக்கள் எல்லாமே ஒரே அலையில், அந்த அலை மைக்ரோமீட்டர் கணக்கில் பரந்து கிடக்கிறது. 2006இல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் பிலிப்ஸ் குழு (1997இல் லேசர் குளிர்விப்புக்காக நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவரான அதே வில்லியம் பிலிப்ஸ்) சோடியம் செறிபொருளில் இதைச் செய்தது. எதிரெதிராக இரண்டு கதிர்கள், ஒன்று முறுக்கியது, மற்றது சாதாரணமானது. அணு முறுக்கிய கதிரில் இருந்து ஒரு ஃபோட்டானை எடுத்து, சாதாரணக் கதிருக்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது. கணக்கை முடித்துப் பார்த்தால் எலக்ட்ரான் புறப்பட்ட நிலைக்கே வந்துவிட்டது, அதன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. மேகத்துக்கு முன்னோக்கி இரண்டு ஃபோட்டான் அளவு உந்தம், கூடவே ஒவ்வொரு அணுவுக்கும் சரியாக ஒரு ஹெச்-பார் சுழற்சி.

கவனியுங்கள், சராசரியாக ஒரு ஹெச்-பார் என்று சொல்லவில்லை. அச்சாணி சொன்ன சின்னச் சின்ன உதைகள் இங்கே தனித்தனியாக விழவில்லை, அணுவின் அலை கதிரின் முழு வட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தது, கதிரின் ஃபேஸ் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஏறுவது அப்படியே அணு அலைமேல் பதிந்துவிட்டது. விளைவு ஒரு குவாண்டம் சுழல், நடுவில் அணுவே இல்லாத ஓட்டையோடு. அதைச் சுழலாத மேகத்தோடு குறுக்கிடவைத்தால் கோடுகள் ஓர் இடத்தில் கவைபோலப் பிரிந்து தெரியும், அதுதான் சாட்சி. இதையே இரண்டாம் தடவை செய்து இரண்டு ஹெச்-பார் சுழற்சியும் ஏற்றினார்கள். அடுத்த வருடம் அதே குழு வளைய வடிவப் பொறியில் இந்த ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது, அது 10 நொடி வரைக்கும் தேயாமல் ஓடியது.

ஆக என் பதில்: "எலக்ட்ரானுக்கா, அணுவுக்கா" என்று கேட்கும் முன்பு அணுவின் அலை எவ்வளவு அகலம், கதிர் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். அதே ஒளி, அதே எல், புள்ளியாய் நிற்கும் அயனியில் ஒரு மாதிரி, பரந்த மேகத்தில் வேறு மாதிரி.

அணு கோண உந்தத்தை வைத்துக்கொள்ளாமல் அடுத்த ஒளிக்குக் கைமாற்றிவிடுவதும் உண்டு, இது எனக்குப் பிடித்த சோதனை. ருபீடியம் ஆவிக்குள் 780, 776 நானோமீட்டர் கதிர்கள் இரண்டையும் சேர்த்து அனுப்பினால் மறுபக்கம் 420 நானோமீட்டரில் நீல ஒளி பிறக்கும் (கூடவே 5.2 மைக்ரோமீட்டரில் ஓர் அகச்சிவப்பும் பிறக்கும், அது கண்ணாடிக் குப்பியைத் தாண்டாது). 2012இல் ஸ்காட்லாந்துக் குழு ஒன்று உள்ளே போகும் இரண்டையும் முறுக்கி அனுப்பியது. இரண்டின் எல் எண்களும் கூடி அந்த நீலத்தில் வந்து நின்றன. அணு வெறும் தரகர், கையில் ஒன்றும் ஒட்டவில்லை.


பூதக்கண்ணாடி:

எல்லாம் சரி, ஒரு ஆட்சேபம். "ஸ்பின்னில் இருந்து ஒன்று, முறுக்கில் இருந்து ஒன்று" என்று கூட்டல் கணக்கு போட்டுவிட்டுப் போகிறீர்கள். கதிரை இறுக்கிக் குவித்தால் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. குவித்த கதிரில் மின்புலம் பக்கவாட்டில் மட்டும் இருக்காது, கதிர் போகும் திசையிலும் ஒரு கூறு வரும், மேக்ஸ்வெல் சமன்பாடு அதை விடாது. மொத்தக் கோண உந்தம்தான் நம்பத்தக்க எண், மற்றதெல்லாம் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர்.


பொறிக்குள்அயனி பதில்:

ஆட்சேபம் நியாயம், அதற்கு அளவீடே இருக்கிறது. 2017இல் கிண்டெய்ரோ, ஷ்மிட்-காலர், ஷ்மிகலோ மூவரும் அதே கால்சியம் அயனித் தரவை வைத்துக் காட்டியது இதுதான்.

முறுக்கும் ஸ்பின்னும் ஒரே பக்கம் சுழன்றால் மையத்தில் முன்னோக்கிய கூறு பூஜ்யம், கூட்டல் கணக்கு தொந்தரவு இல்லாமல் வேலை செய்யும். இரண்டும் எதிரெதிர் என்றால் மையத்தில் பக்கவாட்டுப் புலம் பூஜ்யம், ஆனால் முன்னோக்கிய புலம் பூஜ்யம் இல்லை! எம் மாறாத கோட்டுக்கு அதன் பங்கு பக்கவாட்டுச் சரிவின் பங்கைப் போல இரண்டு மடங்கு. கணக்கு எளிது: புலத்தின் மூன்று சரிவுகளின் கூட்டுத்தொகை பூஜ்யம் ஆக வேண்டும், அதனால் குறுக்கே இரண்டு திசையிலும் ஒவ்வொரு பங்கு இருந்தால் நெடுக்கே மைனஸ் இரண்டு பங்கு இருந்தே தீரும். அதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் வீச்சு மூன்றில் ஒன்றாகத்தான் வரும், அளவீட்டோடு ஒட்டாது. குவிப்பு மெல்லியதாக இருந்தால் இந்தக் கூறு தானாகக் காணாமல் போகும் என்று நினைத்துவிடாதீர்கள், குறுக்குச் சரிவும் அதே விகிதத்தில் குறையும், ஆகவே மூன்று மடங்கு வித்தியாசம் எப்போதும் கூடவே வரும்.

அதனால் நான் இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்: மையத்தில் அயனி இருந்தால் எம் மாற்றம் என்பது எல்-ஐயும் ஸ்பின்னையும் கூட்டிய எண். அந்தக் கூட்டுத்தொகை மட்டும் உறுதி, உள்ளே எது எவ்வளவு என்ற பாகப்பிரிவினைக்கு நான் வரவில்லை.


நடைமுறைவாதி:

எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதனால் யாருக்காவது ஏதாவது ஆகுமா? அறை வெப்பநிலை ஆவியில், சாதாரண நிறமாலைக் கருவியில் இது தெரியுமா, இல்லை நாலு ஆய்வகத்துக்கு மட்டுமான அதிசயமா?


குளிர்மேகம் பதில்:

அறை வெப்பநிலையில் தெரிவது கஷ்டம், ஏன் என்று எண்ணில் சொல்கிறேன். அணு அச்சைச் சுற்றும் திசையில் நகர்ந்தால் முறுக்கிய ஒளியில் தனியாக ஒரு டாப்ளர் விலக்கம் (நகர்வதால் ஒளியின் அதிர்வெண் மாறித் தெரிவது) வரும், அணுவின் கோண வேகத்தை எல்-ஆல் பெருக்கிய அளவு. அறை வெப்பநிலை ருபீடியம் ஒரு திசையில் நொடிக்கு 170 மீட்டர் அளவில் ஓடும். அச்சில் இருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி, எல் = 1 என்றால் இந்த விலக்கம் சுமார் 50 கிலோஹெர்ட்ஸ். அதே அணு கதிரின் நெடுக்கே ஓடுவதால் வரும் சாதாரண டாப்ளர் 780 நானோமீட்டரில் 200 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல். நாலாயிரம் மடங்குக்கும் கூடுதலான இரைச்சலுக்கு அடியில் தேட வேண்டும். நெடுக்கு விலக்கம் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும்படி ஒரே திசையில் போகும் இரண்டு கதிர்களை, எதிரெதிர் முறுக்கோடு, வைத்தால் மட்டும் மேலே எழுந்து வரும்.

பயன் என்று கேட்டால் நினைவகம் ஒன்று. ஃபோட்டானின் எல் எண்ணில் தகவலை எழுதி, அதைக் குளிர்ந்த அணு மேகத்தில் சற்று நேரம் வைத்துவிட்டுத் திருப்பி எடுப்பது. சீசியத்திலும் ருபீடியத்திலும் 2013, 2014இலேயே ஒற்றை ஃபோட்டான் அளவில் செய்தாயிற்று. இங்கேயும் மேகம் அகலமானது என்பதால்தான் வேலை நடக்கிறது, ஒற்றை அணுவில் கதிரின் வடிவத்தை வைக்க இடம் இல்லை.


பொறிக்குள்அயனி பதில்:

என் பக்கம் இருந்து கடிகாரத்தைச் சொல்வேன். அணுக் கடிகாரத்தில் அணுவைத் தட்டி எழுப்பும் லேசரே அதன் ஆற்றல் நிலைகளைக் கொஞ்சம் தள்ளிவிடும், அந்தத் தள்ளல் பெரிய தலைவலி. நிலைமாற்றம் மெலிந்தது என்றால் லேசரைக் கூட்ட வேண்டும், கூட்டினால் தள்ளல் கூடும். இட்டெர்பியம் அயனியின் 467 நானோமீட்டர் எண்முனை நிலைமாற்றம் (நான்முனைக்கும் அடுத்த, இன்னும் மெலிந்த படி) இதற்கு உச்சக்கட்ட உதாரணம், மேல் நிலையின் ஆயுள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் (நொடி இல்லை, ஆண்டுதான்). இருட்டு மையத்தில் புலம் இல்லை, தள்ளல் பெரும்பாலும் புலத்தின் வலுவைப் பொறுத்தது, நிலைமாற்றத்துக்கோ சரிவு போதும். 2022இல் ஜெர்மனியின் பிடிபி அளவியல் நிறுவனத்தில் முறுக்கிய ஒளியால் அந்த எண்முனை நிலைமாற்றத்தைத் தட்டிக் காட்டினார்கள், தள்ளலும் குறைந்தது. நாளைக்கே கடிகாரங்கள் எல்லாம் முறுக்கு ஒளிக்கு மாறிவிடும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன், மேலே சொன்ன அந்த மையம் நகரும் தொல்லை அங்கேயும் உண்டு. ஆனால் வழி உண்மையானது.


இரவல்மூளை:

எல்லாருக்கும் நன்றி, கடைசியாக இரண்டு, அப்புறம் விட்டுவிடுகிறேன். ஒன்று, என் ஆரம்ப எல் = 5 ஃபோட்டானை மையத்தில் இருக்கும் அயனிக்குக் கொடுத்தால்? இரண்டு, அச்சாணியின் சூத்திரத்தில் பக்கவாட்டு உதை தூரத்தால் வகுபடுகிறது. தூரம் பூஜ்யத்தை நெருங்கினால் உதை முடிவிலி ஆகிறதே, ஒரு ஃபோட்டான் தன்னிடம் இருப்பதைவிட அதிகமாக எப்படி உதைக்கும்?


அச்சாணி பதில்:

முதலாவது சுலபம். எல் = 5 கதிரில் மையத்துக்குப் பக்கத்தில் புலம் தூரத்தின் ஐந்தாம் அடுக்காக எழும்புகிறது. மையத்தில் புலம் பூஜ்யம், சரிவு பூஜ்யம், சரிவின் சரிவும் பூஜ்யம், இப்படி ஐந்தாவது படிக்குப் போனால்தான் ஏதாவது தட்டுப்படும். எல் = 2க்கே எண்முனை வேண்டும், ஐந்துக்கு இன்னும் மூன்று படி மேலே. ஒவ்வொரு படி ஏறும்போதும் வீச்சு, அணுவின் அளவுக்கும் கதிரின் அளவுக்கும் உள்ள விகிதத்தால் அடிவாங்கும், அது பல ஆயிரத்தில் ஒன்று. வீச்சை இருபடியாக்கினால்தான் நிகழ்தகவு, ஆகவே அயனி அந்தக் கதிரைக் கண்டுகொள்ளாமல் சும்மா இருக்கும். கால்சியத்தின் 729ஐ வைத்துக்கொண்டு எல் = 2 கதிரை, ஸ்பின் அதே பக்கம், மையத்தில் கொடுத்தால் எம் மூன்று மாற வேண்டும், நான்முனைக்கு இரண்டுக்கு மேல் கொள்ளாது, அங்கேயே கதவு சாத்தியாயிற்று.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, 2013இல் பார்னெட்டும் பெர்ரியும் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள், "சூப்பர்கிக்" என்று பெயரும் வைத்தார்கள். மையத்துக்கு அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கைவிட நெருக்கமாகப் போனால், எல் = 1க்குக் கூட, பக்கவாட்டு உதை அந்த நிறத்து ஃபோட்டானின் முழு உந்தத்தையும் தாண்டிவிடும். 729 நானோமீட்டரில் அது 116 நானோமீட்டர், அயனிப் பொறியில் எட்டாத தூரம் ஒன்றும் இல்லை. ஏமாற்று வேலை இல்லை என்பதற்குக் காரணம், அணுவும் புள்ளி இல்லை. அத்தனை நெருக்கத்தில் ஓர் அணுவை நிறுத்த வேண்டுமென்றால் அதன் அலையை அதைவிடச் சின்ன இடத்தில் அடைக்க வேண்டும், அடைத்தால் நிச்சயமின்மை விதிப்படி அதன் பக்கவாட்டு உந்தம் முதலிலேயே அந்த உதை அளவுக்குப் பரவிக் கிடக்கும். ஒளி செய்வது அந்தப் பரவலில் ஒரு பக்கத்தை மட்டும் பொறுக்கி எடுப்பது. முழுக் கதிருக்கும் சேர்த்துக் கூட்டினால் உந்தக் கணக்கில் ஒரு பைசா கூடக் கூடவில்லை. இருமுனை நிலைமாற்றம் என்றால் மையத்தை நெருங்க நெருங்க உறிஞ்சும் வாய்ப்பும் தூரத்தின் இருபடியாகச் சரிந்துகொண்டே போகும், உதை பெரிதாகும் இடத்தில் உதை விழுவதே அபூர்வம்.